கார் பாலிஷ் மெஷின்: ரோட்டரி வாங்குவதா, டிஏ வாங்குவதா?

என் மச்சானின் சிவப்பு காரில், பானெட்டின் வலது ஓரத்தில், ஹெட்லைட்டுக்குச் சற்று மேலே, கட்டைவிரல் அகலத்துக்குச் சாம்பல் நிறமாக ஒரு இடம் இருக்கிறது. அது நான் வைத்தது. பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவிலேயே வண்டியை நிறுத்தி, வாடகைக்கு எடுத்த ரோட்டரி மெஷினில் (ஒரே அச்சில் சுற்றும் ரகம்) கம்பளி பேடை, அதாவது தேய்க்கும் மெத்தையை, மாட்டி, அரை மணி நேரத்தில் பானெட்டை முகம் பார்க்கும் அளவுக்குக் கொண்டுவந்திருந்தேன். ஓரத்தில் ஒரே ஒரு கோடு மிச்சம். அதையும் எடுத்துவிடலாம் என்று இரண்டு செகண்டு கூடுதலாக நின்றேன். முதலில் லேசாகக் கருகல் வாடை, பிறகு பேடில் சிவப்பு, அப்புறம் நிறத்துக்கு அடியில் இருக்கும் பிரைமர். டீ வாங்கிக்கொண்டு வந்த மச்சான் அந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "டச்-அப் பண்ணிக்கலாம் விடு" என்றான். இன்றுவரை பண்ணவில்லை.

ஓரத்தில் நின்றது தப்புதான். ஆனால் அதற்கு முன்பே, மெஷின் எடுக்கப் போன இடத்தில், "இதுல பவர் எது ஜாஸ்தி?" என்று கேட்டேனே, அங்கேயே தப்பு தொடங்கிவிட்டது. கை பழகாதவன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: நான் தப்பு செய்தால், அதைக் கவனித்துக் கையை எடுப்பதற்கு இந்த மெஷின் எவ்வளவு நேரம் கொடுக்கும்? ரோட்டரி ஓரிரண்டு செகண்டு கொடுக்கும். டிஏ, அதாவது பேட் சுழன்றுகொண்டே ஆடவும் செய்யும் மெஷின், அதைவிடப் பல மடங்கு கொடுக்கும். முதல் மெஷினை இந்தக் கணக்கில்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

மெஷினுக்கு முன்னால் பெயின்ட்

தகட்டின்மேல் துருத்தடுப்புப் பூச்சு, அதற்குமேல் பிரைமர், பிறகு நிறம், கடைசியாக நிறமே இல்லாத கிளியர் கோட். கம்பெனியிலிருந்து வந்த கார்களில் இதெல்லாம் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரும். ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அதாவது மொத்த பெயின்டே இரண்டு முடி கனம்தான். அதில் கிளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50 மைக்ரான்.

பாலிஷ் போட்டால் கீறல் நிரம்பிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. கீறலைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டை, கீறலின் அடிமட்டம் வரைக்கும் சீவி எடுக்கிறோம். பள்ளத்தை மூடாமல் மேட்டை வெட்டுகிறோம். வெட்டியது திரும்ப வராது. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பாற்றும் பொருளும் அந்தக் கிளியர் கோட்டுக்குள்தான் இருக்கிறது. அதனால் எந்த மெஷினாக இருந்தாலும், ஒரு காரின் ஆயுளில் இப்படி ஆழமாகச் சீவும் முழு கட்டிங் பாலிஷ் சில தடவைகள்தான் தாங்கும்.

கீறலின்மேல் நகத்தைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டினால் அது ஆழமான கீறல். அதை முழுக்க எடுக்க ஆசைப்படாதீர்கள், மங்கவைத்தால் போதும். நகம் வழுக்கிக்கொண்டு போனால் மெஷினில் எடுக்கலாம். வெயிலில் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகத் தெரிகிறதே, ஸ்வர்ல் மார்க், அது பெரும்பாலும் இந்த இரண்டாவது ரகம்.

அந்த வலை எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டுமா? காலை ஆறரை மணிக்கு எங்கள் பக்கம் எந்தத் தெருவுக்கு வந்தாலும் போதும். டிரைவர் அண்ணன்கள் காய்ந்த மஞ்சள் துணியால் தூசி தட்டிக்கொண்டிருப்பார்கள். வடசென்னையில் வண்டியின்மேல் உட்காருவது வெறும் மண்ணில்லை. அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்கள் இருக்கும் பக்கத்தில் நிலக்கரிச் சாம்பல். அந்தச் சாம்பல் துகள் ஒவ்வொன்றும் கண்ணாடிக்கு நிகரான கெட்டி. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் போனால் தார்ப்பொட்டும் டீசல் புகையும். கடலோரமாக இருந்தால் உப்பு. பெரம்பூர், பேசின் பிரிட்ஜ் பக்கம் தண்டவாளத்தை ஒட்டி நிறுத்துபவர்களுக்கு இரும்புத் துகள். வெள்ளை வண்டியில் அது பொடிப்பொடி துருப்புள்ளியாகத் தெரியும். காசிமேட்டிலிருந்து வரும் மீன் வண்டிக்குப் பின்னால் சிக்னலில் நின்றால் ஐஸ் தண்ணீர் தெறிப்பது தனிக்கதை. இதையெல்லாம் வைத்துக்கொண்டு காய்ந்த துணியால் துடைப்பதும் உப்புத்தாள் போடுவதும் ஒன்றுதான்.

அதனால் மெஷினை எடுக்கும் முன் வண்டியை நன்றாகக் கழுவ வேண்டும். முதலில் தண்ணீரைப் பீய்ச்சித் தூசியை இறக்கிவிட்டு, அப்புறம் ஷாம்பு. முடிந்தால் மெட்ரோ தண்ணீர், அதாவது குழாயில் வரும் குடிநீர் வாரியத் தண்ணீர். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல் நீர் ஏறியது பல பத்தாண்டுப் பிரச்சினை. எங்கள் தெரு போர் தண்ணீரும் உப்புதான். அதில் கழுவி வெயிலில் காயவிட்டால் வெள்ளை வெள்ளையாக வட்டம் விழும். அந்த வட்டம் விழுந்திருந்தால் காம்பவுண்டால் (பெயின்டைச் சீவும் பாலிஷ் பசை) தேய்த்து எடுக்காதீர்கள். வாட்டர் ஸ்பாட் ரிமூவரோ, தண்ணீர் கலந்த வெள்ளை வினிகரோ போட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும், ஒரு மைக்ரான்கூடச் செலவாகாமல்.

கழுவிக் காய்ந்ததும் கையில் ஒரு மெல்லிய பாலிதீன் கவரை மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவுங்கள். வெறும் கையில் தெரியாத சொரசொரப்பு கவரில் தெரியும். அப்படி இருந்தால் இரும்புத் துகளைக் கரைக்கும் அயர்ன் ரிமூவர் அடித்து (ஊதா நிறமாகக் கரைந்து ஓடும், பார்க்கவே வேடிக்கை), பிறகு ஒட்டிய அழுக்கைப் பிடித்து இழுக்கும் களிமண் கட்டியான கிளே பாரை வழுக்கும் திரவத்தோடு தேய்த்து எடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் மெஷின் வைத்தால் அந்தத் துகள்கள் பேடில் ஏறிக்கொண்டு புதிதாகக் கீறும். பாலிஷ் போட்ட பிறகு கோடு அதிகமாகிவிட்டது என்று வருகிறவர்களிடம் முதலில் இதைத்தான் கேட்பேன்.

ரோட்டரி

பெயின்ட் கடைகளிலும் டிங்கரிங் பட்டறைகளிலும் நீங்கள் பார்த்திருக்கும் மெஷின் இதுதான். மோட்டார், கியர், அதன் முனையில் பேட். ஒரே அச்சில், ஒரே திசையில் சுற்றும். நீங்கள் அழுத்தினாலும் நிற்காது. அதுதான் இதன் பலம், இதன் ஆபத்தும் அதுதான்.

ஒரு சின்னக் கணக்கு. 180 மி.மீ. பேட், நிமிடத்துக்கு 2,000 சுற்று. பேடின் விளிம்பு பெயின்டின்மேல் ஓடும் வேகம் மணிக்குச் சுமார் 68 கி.மீ. நடுவில் வேகமே கிடையாது. வேலை முழுவதும் விளிம்பில் நடக்கிறது, சூடும் அங்கேயே சேர்கிறது. பானெட்டின் நடுவில் அந்தச் சூடு தகட்டில் பரவிப் போய்விடும். ஓரத்திலும் மடிப்பிலும் பரவ இடமில்லை. போதாக்குறைக்கு அந்த இடங்களில் பெயின்டும் மெலிந்திருக்கும். பம்பர் பிளாஸ்டிக், அது சூட்டைக் கடத்தவே கடத்தாது. ரோட்டரியில் பெயின்ட் எரிவது பெரும்பாலும் இந்த மூன்று இடங்களில்தான்.

இன்னொரு தொல்லை ஹாலோகிராம். ரோட்டரியும் கம்பளி பேடும் சேர்ந்து ஒரே திசையில் நுண்ணிய கோடுகளை விட்டுவிட்டுப் போகும். நிழலில் தெரியாது. வெயிலில் வண்டியைச் சுற்றி நடந்தால், பட்டுப் புடவையின் மடிப்பில் நிறம் ஓடுகிற மாதிரி கூடவே நகரும். கறுப்பு, கருநீலம், அடர்சிவப்பு வண்டிகளில் மிக மோசமாகத் தெரியும். வாட்டர் சர்வீஸில் பாலிஷ் போட்டு வாங்கிய இரண்டு வாரத்தில், அதில் தடவியிருந்த எண்ணெய்ப்பசை கழுவிப் போனதும், திடீரென்று வெளிப்படுவது இதுதான்.

அப்படியானால் ரோட்டரி மோசமான மெஷினா? இல்லவே இல்லை. புதிதாக பெயின்ட் அடித்த பேனலை 2,000 கிரிட் என்ற மிக நைசான உப்புத்தாளால் தேய்த்துவிட்டு அந்தத் தேய்மானக் கோட்டை எடுக்க இதைப்போல வேகமான மெஷின் கிடையாது. எங்கள் தெரு முனையில் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் 1,200 சுற்றில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் கதவு கைப்பிடியைச் சுற்றி வளைத்து எடுப்பார். பேட் முழுதாகப் படுக்காமல், ஒரு இம்மி சாய்வில் இருக்கும். மெஷின் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கமே அதைப் போகவிட்டுத் திருப்புவார். என் சாம்பல் நிற சாதனையைக் காட்டியபோது அவர் கேட்டது, "இன்னா தம்பி, ஓரத்துக்கு டேப் ஒட்டலையா?" அவ்வளவுதான். அந்தக் கை வருவதற்கு முப்பது வருடம் ஆகியிருக்கிறது.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். தகடு வெட்டும் நாலு இன்ச் கிரைண்டரில் பாலிஷ் பேடை மாட்டலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். மரை பொருந்தினாலும் மாட்டாதீர்கள். வேகக் கட்டுப்பாடு இல்லாத சாதாரண கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று ஓடும். 125 மி.மீ. பேடின் விளிம்பு மணிக்கு 250 கி.மீ.க்கு மேல் போகும். பெயின்ட் போவது இருக்கட்டும், பேட் பிய்ந்து முகத்துக்கு வரும்.

டிஏ

டியூவல் ஆக்‌ஷன் என்பதைத்தான் டிஏ என்கிறார்கள். பேட் இரண்டு விதமாக நகர்கிறது. தீவுத்திடல் பொருட்காட்சியில் கோப்பை ராட்டினம் ஏறியிருப்பீர்கள். பெரிய தட்டு சுற்றும். அதன்மேல் நாம் உட்கார்ந்திருக்கும் கோப்பை தன்பாட்டுக்கும் சுற்றும். டிஏ-வில் பெரிய தட்டின் சுற்றை மோட்டார் கொடுக்கிறது. கோப்பையின் சுற்று இலவசம். பேரிங்கில் சும்மா மாட்டியிருக்கிறது, வேகத்தில் தானாகச் சுழலும். கையை வைத்து அழுத்தினால் நின்றுவிடும்.

அந்த நின்றுவிடும் குணம்தான் புதியவரைக் காப்பாற்றுகிறது. ஓரத்தில் ஏறினாலோ, சாய்த்துப் பிடித்தாலோ, ரொம்ப அழுத்தினாலோ பேட் சுழல்வதை நிறுத்திவிட்டு வெறுமனே அதிரும். வெட்டும் வேலை கிட்டத்தட்ட நின்றுபோகும். கோடு போகவில்லையே என்று எரிச்சல் வரும், ஆனால் பெயின்ட் இருக்கும். 15 மி.மீ. டிஏ-வை நிமிடத்துக்கு 4,500 ஆட்டத்தில் ஓட்டினால், அந்த ஆட்டத்தின் வேகம் மணிக்குச் சுமார் 13 கி.மீ.தான். சுழற்சியைச் சேர்த்தாலும் ரோட்டரியின் விளிம்பு வேகத்துக்கு அருகில்கூட வராது. கோடுகளும் ஒரே திசையில் விழாததால் ஹாலோகிராம் வருவது அரிது.

அதற்காக டிஏ-வில் பெயின்ட் எரியவே எரியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மைக்ரோஃபைபர் பேடைப் போட்டு, கூர்மையான மடிப்பின்மேல் பத்துத் தடவை போனால் இதிலும் பிரைமரைப் பார்க்கலாம். நேரம் கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவே.

டிஏ வாங்கப் போனால் 8, 12, 15, 21 என்று ஒரு எண் சொல்வார்கள். வாட்ஸைப் பார்ப்பதைவிட இந்த எண்ணைப் பாருங்கள். இது த்ரோ; பேடின் மையம் எத்தனை மி.மீ. விட்டத்தில் வட்டமடிக்கிறது என்பது. எண் கூடினால் ஒரே ஆட்டத்தில் அதிக இடத்தைத் தொடும், வேலை வேகமாக முடியும். ரூப்பஸ் என்ற இத்தாலியக் கம்பெனியின் பிக்ஃபுட் வரிசை இந்த 15, 21 மி.மீ. நீள ஆட்டத்தைப் பிரபலமாக்கியது. இன்று கடையில் கிடைக்கும் பல மெஷின்கள் அந்த அமைப்பைப் பின்பற்றியவைதான். ஆனால் எண் கூடக்கூட, வளைவான இடத்தில் பேட் சீக்கிரம் நின்றுபோகும். 21 மி.மீ. மெஷின் பெரிய எஸ்யூவியின் பானெட்டிலும் கூரையிலும் ராஜா. சின்ன ஹேட்ச்பேக்கின் கதவு மடிப்பில் முக்கும். 8 மி.மீ. எங்கும் போகும், ஆனால் மெதுவாக. முழு வண்டியை முடிக்க ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டைத் தாண்டிவிடும். 12 மி.மீ. ஆட்டத்தில் 3 இன்ச் தட்டு (பேடை ஒட்டும் தட்டு) போட்ட குட்டி மெஷின்கள் பம்பர், தூண், கண்ணாடிக் கூடு மாதிரியான இடங்களுக்கு.

கியர் வைத்த டிஏ

மூன்றாவது ஒரு இனம் உண்டு. பேடின் சுழற்சியையும் கியர் மூலம் மோட்டாரே கொடுக்கும், அழுத்தினாலும் நிற்காது. ஜெர்மனியின் ஃப்ளெக்ஸ் எக்ஸ்சி 3401 இதற்குப் பேர்போனது. வளைவில் வேலை நிற்காது, ஹாலோகிராமும் பெரிதாக வராது. ஆனால் மெஷின் கையை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போகும், சூடும் சாதாரண டிஏ-வைவிட அதிகம், அதிர்வு தோளில் தெரியும். இரண்டாவது மெஷினாக வாங்கலாம். முதலாவதாக வேண்டாம்.

உங்களுக்கு எது?

சொந்தக் காரை வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை தெருவிலோ வாசலிலோ வைத்து லேசாகப் பாலிஷ் செய்யப் போகிறவர் என்றால் 15 மி.மீ. டிஏ, 5 இன்ச் தட்டு, 5½ இன்ச் பேட். கண்ணை மூடிக்கொண்டு இதையே சொல்வேன். வண்டி ரொம்பச் சின்னது, மடிப்பும் வளைவும் அதிகம் என்றால் 12 மி.மீ. ஆட்டமுள்ள 5 இன்ச் மெஷின் கிடைக்கிறதா பாருங்கள்.

வாட்டர் சர்வீஸோ டீடெய்லிங் கடையோ போட நினைக்கும் தம்பிகளுக்கும் முதல் மெஷின் அதே 15 மி.மீ.தான். வேலை வர ஆரம்பித்த பிறகு குட்டி மெஷின் ஒன்று. ரோட்டரியை மூன்றாவதாக வாங்கி, பழைய பானெட் ஒன்றை புதுப்பேட்டையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து ஒரு மாதம் அதன்மேல் பழகுங்கள். வாடிக்கையாளர் வண்டியில் பழகாதீர்கள். மச்சான் வண்டியில்கூட.

ஐந்து வருடத்துக்கு ஒரு தடவைதான் செய்யப் போகிறேன் என்பவர் எதையும் வாங்க வேண்டாம். மெஷின், பேட், காம்பவுண்ட், விளக்கு எல்லாம் சேர்த்து ஆகும் செலவில் நல்ல கைக்காரரிடம் ஒரு தடவை கொடுத்து வாங்கிவிடலாம். கொடுக்கும்போது, "ரோட்டரியில் போட்டால் கடைசியில் டிஏ-வில் ஃபினிஷிங் பண்ணுவீங்களா?" என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்கிற விதத்திலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

பேட்டரி மெஷின் பற்றிக் கேட்பார்கள். வயர் காலில் மாட்டாது, சுகம்தான். முழு வண்டிக்குப் பல பேட்டரி வேண்டும். வயரோடே தொடங்குங்கள்.

கடையில் நின்று என்ன பார்ப்பது

பாரிமுனையில் செம்புதாஸ் தெருவுக்குப் போனால் கருவிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஆன்லைனில் விலை குறையலாம். ஆனால் கையில் பிடித்துப் பார்க்காமல் முதல் மெஷின் வாங்க வேண்டாம் என்பேன்.

கையில் எடுத்ததும் இரண்டு நிமிடம் பிடித்துக்கொண்டே கடைக்காரரிடம் பேசுங்கள். கை கடுக்கிறதா? அதே மெஷினைக் கதவுக்குப் பக்கவாட்டில் வைத்து மூன்று மணி நேரம் பிடிக்க வேண்டும். பிறகு பிளக்கை எடுத்துவிட்டுத் தட்டை விரலால் சுண்டுங்கள். டிஏ என்றால் தடையில்லாமல் சில சுற்று ஓட வேண்டும். கரகரவென்றால் பேரிங் சரியில்லை. வேகத் திருகு 1 முதல் 6 வரை இருக்கும். ஓடவிட்டு, 1-ல் நிஜமாகவே மெதுவாக இருக்கிறதா என்று பாருங்கள். எடுத்த எடுப்பில் குதிக்காமல் மெல்ல வேகம் ஏறினால் நல்லது. தட்டு தனியாகக் கிடைக்குமா, மோட்டாரின் கார்பன் பிரஷ் கிடைக்குமா, இங்கேயே சர்வீஸ் உண்டா, கேட்டுவிடுங்கள். வெல்க்ரோ தட்டு தேயும் பொருள். சூட்டில் வெல்க்ரோ உரிந்து பேட் பறக்கும். அது கிடைக்காத மெஷினை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

ரோட்டரியையே வாங்குவது என்று முடிவு செய்துவிட்டவர்கள், குறைந்த வேகம் 600 அல்லது 700-ல் தொடங்குகிற மெஷினாகப் பாருங்கள். அச்சு மரை எம்14-ஆ என்பதையும் பார்த்து, அதற்குப் பொருந்தும் தட்டாக எடுங்கள்.

பெயின்ட் தடிமன் பார்க்கும் மீட்டர் ஒன்றும் வாங்க முடிந்தால் நல்லது. இரும்பு, அலுமினியத் தகட்டில் மட்டும் காட்டும். பிளாஸ்டிக் பம்பரில் காட்டாது. ஒரே கதவில் ஒரு இடம் 110, இன்னொரு இடம் 300-க்கு மேல் என்றால், அங்கே பட்டி பார்த்து மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள். 80-க்குக் கீழே காட்டும் இடத்தில் காம்பவுண்ட் போடவே போடாதீர்கள்.

பேடும் காம்பவுண்டும் மெஷினுக்கு இணையாக முக்கியம், ஆனால் தொடக்கத்துக்கு நிறைய வேண்டியதில்லை. நடுத்தர வெட்டுள்ள ஃபோம் பேட் நான்கு, மெத்தென்ற ஃபினிஷிங் பேட் இரண்டு, ஒரு மீடியம் பாலிஷ், ஒரு ஃபினிஷிங் பாலிஷ். ஒரே பேடால் முழு வண்டியைச் செய்ய முயன்றால் டிஏ-வின் ஆட்டத்தில் ஃபோமின் நடுப்பகுதி சூடேறிக் குழைந்துவிடும். கம்பளி பேடை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள், கொஞ்ச நாளைக்கு.

முதல் நாள்

காலை ஐந்தரைக்குத் தொடங்கினால் ஒன்பதரை வரை வேலை செய்யலாம். கத்திரியில் எட்டரைக்கே நிறுத்த வேண்டிவரும். புறங்கையை பானெட்டில் வைத்தால் சுடக்கூடாது. சுட்டால் பாலிஷ் காய்ந்து மாவாகிவிடும். மார்கழியில் வேறு பிரச்சினை, பனி. துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

எக்ஸ்டென்ஷன் வயர் மெல்லியதாக இருந்தால் மெஷின் வேகம் ஏறி இறங்கும். கனமான வயர் போட்டு, அதைத் தோளுக்கு மேலாகப் பின்பக்கம் விட்டுக்கொள்ளுங்கள். பெல்ட் பக்கிளைக் கழற்றிவிடுங்கள், மோதிரத்தையும். கண்ணுக்குக் கண்ணாடி. தெருப் பிள்ளைகள் பந்தோடு வருவார்கள். வேலை முடிந்ததும் பானெட்டில் முகம் பார்க்கலாம் என்று சொல்லி ஒரு பக்கமாக நிறுத்திவைக்க வேண்டும்.

மாஸ்கிங் டேப்பை எல்லா ஓரத்திலும், மடிப்பிலும், ரப்பர் பீடிங்கிலும், கறுப்பு பிளாஸ்டிக்கிலும் ஒட்டுங்கள். பிறகு மார்க்கர் பேனாவால் மெஷினின் தட்டு விளிம்பில் ஒரு தடித்த கோடு போடுங்கள். டிஏ ஓடும்போது அந்தக் கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். நின்றால் அழுத்தம் அதிகம், அல்லது பேட் சாய்ந்திருக்கிறது. நான் சொல்லிக்கொடுத்த ஆட்களுக்கு இந்த ஒரு கோடு கற்றுக்கொடுத்த அளவுக்கு என் பேச்சு கற்றுக்கொடுக்கவில்லை.

பானெட்டின் நடுவில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி சதுரம் எடுத்துக்கொள்ளுங்கள். அதுதான் சோதனை இடம். மெத்தென்ற பேட், ஃபினிஷிங் பாலிஷ் என்று மிகச் சாதுவான கூட்டணியில் தொடங்குங்கள். புது பேட் என்றால் முகம் முழுக்க லேசாகப் பாலிஷ் தடவி ஈரமாக்கிவிட்டு, அதன்மேல் பட்டாணி அளவில் நான்கு சொட்டு. அதற்குமேல் வேண்டாம். கேரம் போர்டில் பவுடரைக் கொட்டினால் ஸ்டிரைக்கர் கட்டுக்கு நிற்காமல் ஓடும் இல்லையா, அதேபோல பாலிஷ் அதிகமானால் பேட் வழுக்கிக்கொண்டே போகும், வெட்டாது.

பேடை வண்டியின்மேல் வைத்த பிறகுதான் ஸ்விட்சைப் போட வேண்டும். காற்றில் ஓடவிட்டு இறக்கினால் பாலிஷ் சுவர் வரைக்கும் தெறிக்கும், பக்கத்து வீட்டு அக்கா கோலத்தோடு உங்களையும் கழுவிவிடுவார். வேகம் 1-ல் பரப்பிவிட்டு, 4 அல்லது 5-க்கு ஏற்றுங்கள். கை நகரும் வேகம், ஒரு செகண்டுக்கு ஒரு இன்ச் அளவு. முதல் தடவை செய்பவர்கள் எல்லாரும் இதைவிட மூன்று மடங்கு வேகமாகத் துணி துவைப்பதுபோல இழுப்பார்கள். மெதுவாக. இடவலமாக ஒரு முறை, மேல்கீழாக ஒரு முறை, ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் பாதியைத் தொட்டுக்கொண்டு. இப்படி நான்கைந்து சுற்று. அழுத்தம், மெஷினின் எடையோடு கையின் எடை சேர்ந்தால் போதும். கடைசிச் சுற்றில் கையின் எடையையும் எடுத்துவிடுங்கள்.

நிறுத்தியதும் புறங்கையை வையுங்கள். வெதுவெதுப்பு சரி. கை எடுக்கத் தோன்றும் சூடு தப்பு. மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பத்து மடங்கு தண்ணீர் கலந்து தெளித்து மறுபடி துடையுங்கள். பாலிஷின் எண்ணெய்ப்பசை கீறலை நிரப்பி ஏமாற்றும்; இது அதை எடுத்துவிடும். இப்போது எல்இடி டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். வலை போய்விட்டதா? அப்படியானால் வண்டி முழுக்க அந்தக் கூட்டணியே போதும். போகவில்லை என்றால் பேடை மட்டும் ஒரு படி கடினமாக்குங்கள். அதிலும் போகவில்லை என்றால்தான் பாலிஷை மாற்ற வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

துடைத்த துணியில் காரின் நிறமே வருகிறதா? அப்படியானால் கிளியர் கோட் இல்லாத பழைய பெயின்டாக இருக்கலாம், அல்லது கிளியர் கோட் தீர்ந்துவிட்டது. பழைய வண்டியில் முதலாவது சாதாரணம். மெத்தென்ற பேடோடு தொடரலாம். கிளியர் கோட் உள்ள வண்டியில் நிறம் வந்தால் அந்த நிமிடமே நிறுத்திவிடுங்கள்.

ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் பேடைப் பிரஷ்ஷால் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். இரண்டு பேனலுக்கு ஒரு பேட் என்று மாற்றிக்கொண்டே போங்கள். சூடான பேடைத் தரையில் முகம் குப்புற வைக்காதீர்கள். ஒரு மணல் துகள் ஏறினால் போதும். முழு வண்டியையும் முதல் நாளே முடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பானெட்டும் கூரையும் ஒரு ஞாயிறு, மற்றது அடுத்த ஞாயிறு. முடித்த பேனல் வெறுமையாக இருக்கும். அன்றைக்கே மெழுகோ சீலன்ட்டோ ஒரு கை தடவிவிட்டால் உப்புக் காற்றுக்கு நேரடியாக முகம் கொடுக்காது.

அந்தச் சிவப்பு காரை மறுபடி என் கையில் கொடுக்க மச்சானுக்கு இரண்டு வருடம் ஆனது. போன மாதம் 15 மி.மீ. டிஏ-வில் பானெட்டைச் செய்தேன். அவன் டீ வாங்கப் போகவில்லை. பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, தட்டில் நான் போட்ட மார்க்கர் கோடு சுற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். வலது ஓரத்துச் சாம்பல் இடத்தின்மேல் மட்டும் டேப்பை இரண்டு சுற்று ஒட்டியிருந்தான். அதை நான் ஒட்டச் சொல்லவில்லை.